தலைமைப் பதவியும் தகுதிச் சான்றும்



ஒருவர் மருத்துவத் தொழில் நடத்த முற்பட்டால், அவர் எங்கே பயின்றார், முறைப்படி பதிவு பெற்றாரா என்று அரசு கேட்கிறது. பேருந்தை ஓட்ட அமர்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இவை நியாயமான கேள்விகள். பிறர் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. அப்படியானால், ஆயிரம் பிள்ளைகள் பயிலும் ஒரு பொதுப் பள்ளியை நடத்துபவரிடம் எதைக் கேட்க வேண்டும்? நன்கு கற்பிக்கத் தெரிந்தவரா என்று கேட்பதா? கணக்கு வழக்குகளில் தேர்ந்தவரா என்று கேட்பதா? சட்டம் அறிந்தவரா என்று கேட்பதா? இம்மூன்றும் வேண்டுமென்றால், அவற்றுள் முதன்மையானது எது?

இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டு மாநிலங்கள் பள்ளித் தலைவர்களுக்கு விதித்துள்ள தகுதிச் சான்றைப் பற்றியும், அச்சான்றுக்கு அடிப்படையாக வகுத்துள்ள நெறிகளைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டின் அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தாம் திருத்தம், மத்திய அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று கூறுகிறது. ஆகவே பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. 50 மாநிலங்களும் தத்தமக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டன. ஒரே கேள்விக்கு ஐம்பது இடங்களில் விடை எழுதிப் பார்த்தால் எது நிற்கும், எது விழும் என்பது தெளிவாகும் அல்லவா?

முதலில் அந்நாட்டுப் பள்ளிகளின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். மாநிலத்தின் கீழே 'பள்ளி மாவட்டங்கள்' உள்ளன. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வி வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவர். அவ்வாரியம் நியமிக்கும் தலைமை அலுவலர் கண்காணிப்பாளர் எனப்படுவார். தனித்தனிப் பள்ளியை நடத்துபவர் 'பிரின்சிபல்' எனப்படுவார். ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுப் பள்ளிகளும், அவற்றில் பயிலும் ஏறக்குறைய 5 கோடிப் பிள்ளைகளும் இவ்விரு வகைத் தலைவர்களின் பொறுப்பில் இருக்கின்றனர்.

இந்தப் 'பிரின்சிபல்' என்ற சொல்லின் வரலாற்றிலேயே நம் பொருளின் பாதி அடங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளி ஒரே அறை கொண்டது. ஆசிரியரும் ஒருவரே. 1837ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் கல்வி வாரியம் ஒன்றை நிறுவி, ஹொரேஸ் மான் என்பாரை அதன் முதற் செயலாளராக அமர்த்தியது. பஃபலோ, லூயிவில் ஆகிய நகரங்கள் கண்காணிப்பாளர் பதவியை ஏற்படுத்தியதும் அதே ஆண்டில்தான். 1848ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் குவின்சி பள்ளி திறக்கப்பட்டது. அதில் பிள்ளைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறையும் தனி ஆசிரியரும் அமைந்தனர். ஜான் ஃபில்பிரிக் என்பவர் அதன் தலைவராக இருந்தார். ஒரே கூரையின் கீழ்ப் பல ஆசிரியர் பணி செய்யத் தொடங்கியதும், அவர்களுள் ஒருவரை முதல்வராக்க வேண்டிய தேவை எழுந்தது. அத்தகையவரை அக்காலத்தார் 'பிரின்சிபல் டீச்சர்', அதாவது முதன்மை ஆசிரியர், என்று அழைத்தனர். அவரும் வகுப்பெடுத்தார், அத்துடன் வருகைப் பதிவேட்டையும் மணியையும் கட்டடத்தையும் கவனித்துக்கொண்டார்.

நாளடைவில் அத்தொடரின் பின்பாதி உதிர்ந்தது. 'ஆசிரியர்' போய் 'முதன்மை' மட்டும் எஞ்சியது. நம் தமிழில் 'தலைமையாசிரியர்' என்ற சொல்லில் ஆசிரியர் இன்னும் உதிராமல் இருக்கிறார். அமெரிக்காவில் உதிர்ந்தது சொல் மட்டும் அன்று. பணியின் பொருளும் மாறிவிட்டது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்று காண்போம்.

நகரங்கள் பெருகின, பள்ளிகளும் பெருகின. பல நகரங்களில் பள்ளி வேலைகள் கட்சிக்காரர்களின் கையில் சிக்கின. யாருக்கு வேண்டியவர் என்பதே தகுதியாகக் கருதப்பட்ட இடங்கள் உண்டு. இதற்கு மாற்றாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தக்காரர் சிலர் எழுந்தனர். அவர்களுள் முன்னின்றவர் எல்வுட் கபர்லி. அவர் சான் டியாகோ நகரின் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையை வளர்த்தவர். 1916ஆம் ஆண்டில் பொதுப் பள்ளி நிர்வாகம் பற்றி அவர் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. பள்ளி நிர்வாகம் தனியொரு தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், அத்தொழிலில் கட்சி அரசியல் தலையிடலாகாது என்பன அவருடைய கொள்கைகள். இவற்றை யார் மறுப்பார்? இக்கொள்கைகளின் பயனாகப் பல்கலைக்கழகங்களில் நிர்வாகப் பாடங்கள் தோன்றின. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளி நிர்வாகிகளுக்கென்று தனிச் சான்றிதழை ஏற்படுத்தின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வழக்கம் நாடு முழுவதும் பரவியது.

ஆனால் அதே நூலில் கபர்லி பள்ளியை ஒருவகைத் தொழிற்சாலைக்கு ஒப்பிட்டார். பிள்ளைகளை அங்கே உருவாக்கப்படும் மூலப்பொருளுக்கு ஒப்பிட்டார். உவமையும் ஆபத்தானதாகலாம். பள்ளி தொழிற்சாலை என்றால் அதன் தலைவர் மேலாளர் ஆகிவிடுகிறார். நிதி, கட்டடம், கொள்முதல், அட்டவணை, புள்ளிவிவரம் ஆகியவை பயிற்சியில் பெரும்பங்கு பெற்றன. வகுப்பறையில் பிள்ளை எவ்வாறு கற்கிறது என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1962ஆம் ஆண்டில் கல்வி வரலாற்றாசிரியர் ரேமண்ட் கல்லஹன் இப்போக்கை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். வணிக உலகின் சிக்கன மோகம் எவ்வாறு பள்ளித் தலைவர்களை ஆட்கொண்டது என்பதை அந்நூல் விரிவாகக் காட்டியது.

மாற்றுக் குரல் அக்காலத்திலேயே ஒலிக்காமல் இல்லை. எல்லா ஃபிளாக் யங் அம்மையார் 1909ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் கண்காணிப்பாளரானார். அத்துணைப் பெரிய நகரத்தின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதற் பெண்மணி அவரே. வகுப்பாசிரியராகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர். தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். ஆசிரியர்கள் கூடிப் பள்ளியின் நடப்பைப் பற்றிக் கருத்துரைக்கும் ஆசிரியர் மன்றங்களை அவர் ஆதரித்தார். தலைவர் ஆணையிட, ஆசிரியர் கைகட்டி நிறைவேற்றுவது கல்வி ஆகாது என்பது அவர் கொள்கை. எனினும் காலத்தின் பெருவெள்ளம் கபர்லியின் திசையிலேயே ஓடியது.

தகுதிச் சான்று ஒருவரைக் காக்குமா என்ற கேள்விக்கு, அந்நாட்டின் தென்பகுதி வரலாறு ஒரு கசப்பான விடையைத் தருகிறது. 1954ஆம் ஆண்டு வரை தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. கறுப்பினப் பள்ளிகளின் தலைவர்கள் தம் மக்களிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தனர். சொந்த மாநிலத்தின் உயர்கல்விக்கூடங்கள் அவர்களுக்குக் கதவடைத்தன. ஆகவே அவர்களுள் பலர் கோடை விடுமுறைகளில் வடக்கே சென்று, கொலம்பியா முதலிய பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றனர். 1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், இனத்தால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் பள்ளிகளை இணைத்தபோது நடந்தது என்ன? மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அவற்றின் தலைவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்; அல்லது பெயரளவான பதவிகளுக்கு இறக்கப்பட்டனர். அவர்களினும் குறைந்த தகுதியுடைய வெள்ளையர் அவ்விடங்களில் அமர்ந்த நிகழ்ச்சிகள் பல உண்டு. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலையிழந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மேலவையின் குழு ஒன்று இக்கொடுமையைப் பற்றிச் சாட்சியம் கேட்டது.

அத்தலைவர்களிடம் சான்றிதழ் இருந்தது, பட்டம் இருந்தது, அனுபவமும் இருந்தது. நியமிப்பவர் நெஞ்சில் நேர்மை இல்லாதபோது அவை யாவும் வெறுங்காகிதமாயின. தகுதியை எழுதிவைப்பது ஒன்று. எழுதியபடி ஒழுகுவது வேறொன்று. இதனை மறவாமல் மேலே செல்வோம்.

1970களில் நீதிமன்றங்களும் பள்ளித் தலைவரின் அறைக்குள் நுழைந்தன. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மாணவர் சிலர் விசாரணையின்றிப் பள்ளியிலிருந்து 10 நாள் வரை விலக்கப்பட்டனர். 1975ஆம் ஆண்டில், காஸ் எதிர் லோபஸ் என்ற அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை நிறுவியது. மாணவனை விலக்குமுன் குற்றம் இன்னதென்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் தரப்பையும் கேட்க வேண்டும் என்பதே அது. நியூ ஜெர்சி மாநிலத்தில் மாணவி ஒருத்தி புகைபிடித்தாள் என்ற ஐயத்தில் துணைத் தலைமையாசிரியர் அவளுடைய கைப்பையைச் சோதித்தார். 1985ஆம் ஆண்டில் அவ்வழக்கிலும் தீர்ப்பு வந்தது. குடிமக்களை முறையற்ற சோதனையினின்று காக்கும் அரசியலமைப்பு விதி பள்ளி அலுவலரையும் கட்டுப்படுத்தும். ஆயினும் நியாயமான ஐயம் இருப்பின் அவர் சோதிக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. மாணவரை நல்வழிப்படுத்தக் கையிலுள்ள பிரம்பு போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. சட்டமறியாத நல்லெண்ணமும் ஒரு பிள்ளையின் உரிமையை மிதித்துவிடக்கூடும். ஆகவே பள்ளிச் சட்டம் நிர்வாகப் பயிற்சியில் இன்றியமையாத பாடமாயிற்று.

இவ்வாறு பாடங்கள் கூடிக்கொண்டே போயின. பள்ளித் தலைவர் கணக்கரா, சட்ட அறிஞரா, மேலாளரா, ஆசிரியரா? இக்குழப்பத்தைத் தீர்க்க மாநிலக் கல்வித் தலைமை அலுவலர்களின் மன்றம் முன்வந்தது. அதன் ஆதரவில் பல மாநிலங்களும் தொழில்சார் அமைப்புகளும் கூடி, 1996ஆம் ஆண்டில் பள்ளித் தலைவர்களுக்கான ஆறு நெறிகளை வெளியிட்டன. பள்ளிக்கென்று எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் குறிக்கோளை வளர்த்தல், கற்றலுக்கு ஏற்ற சூழலையும் பாடத்திட்டத்தையும் பேணுதல், பள்ளியைப் பாதுகாப்பாகவும் செம்மையாகவும் நடத்துதல், பெற்றோருடனும் ஊராருடனும் ஒத்துழைத்தல், நேர்மையும் நடுநிலையும் கடைப்பிடித்தல், சமுதாயத்தின் அரசியல், பொருளாதார, சட்டச் சூழலை உணர்ந்து செயலாற்றுதல் ஆகியவையே அவ்வாறு நெறிகள்.

பார்ப்பதற்கு இவை பொதுவான அறிவுரைகள்போலத் தோன்றலாம். ஆனால் அவற்றின் வாசக அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஆறு நெறிகளும் ஒரே வகையாகத் தொடங்குகின்றன. பள்ளி நிர்வாகி என்பவர் கல்வித் தலைவர், மாணவர் அனைவரின் வெற்றிக்கும் துணைபுரிபவர் என்ற கருத்தே ஒவ்வொன்றின் முதலிலும் வைக்கப்பட்டுள்ளது. கட்டடத்தைக் காப்பதும் கணக்கு எழுதுவதும் அதற்கான வழிகள் என்ற அளவிலேயே இடம்பெறுகின்றன. உதிர்ந்துபோன 'ஆசிரியர்' என்ற சொல்லை மீண்டும் தேடி எடுக்கும் முயற்சி இது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்நெறிகளை ஏற்றோ தழுவியோ தம் சான்றிதழ் முறையைத் திருத்திக்கொண்டன. 2008ஆம் ஆண்டில் நெறிகள் திருத்தப்பெற்றன. 2015ஆம் ஆண்டில் அவை பத்து நெறிகளாக விரிந்தன. அப்பத்தனுள் சமவாய்ப்பு ஒரு தனி நெறி; மாணவர்மீது காட்டும் பரிவு இன்னொன்று; ஆசிரியரின் தொழில்திறனை வளர்ப்பது வேறொன்று. நிர்வாகமும் இயக்கமும் ஒன்பதாவதாக நிற்கின்றன. ஒருகாலத்தில் பயிற்சி முழுவதையும் நிரப்பி நின்றது, பத்தில் ஒன்றாக அமைந்துவிட்டது.

இங்கே நெறி, சான்று என்ற இரண்டையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். நெறி என்பது, நல்ல பள்ளித் தலைவர் எத்தகையவர் என்று எல்லாரும் அறிய எழுதிவைத்த அளவுகோல். சான்று என்பது, இன்னார் அவ்வளவுகோலின் குறைந்த அளவையேனும் எட்டியவர் என்று அரசு தரும் உறுதிமொழி. முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் வழங்கினால், அது எதற்குச் சான்று என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது சான்று பெறும் வழியைப் பார்ப்போம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இருப்பினும் பொதுவான படிகள் சில உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே ஆசிரியர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சில ஆண்டுகள், பல இடங்களில் மூன்று ஆண்டுகளேனும், வகுப்பறையில் கற்பித்திருக்க வேண்டும். முதுநிலைப் பட்டமோ மாநிலம் ஒப்புக்கொண்ட பயிற்சியோ பெற வேண்டும். தேர்ந்த தலைவர் ஒருவரின்கீழ்ப் பள்ளியிலேயே பயிற்சிப் பணி புரிய வேண்டும். பல மாநிலங்களில் தேர்வும் உண்டு. அத்தேர்வுகளில், ஒரு பள்ளியில் எழுந்த சிக்கலை விவரித்து, நீர் என்ன செய்வீர் என்று கேட்கும் வினாக்களும் இடம்பெறுவதுண்டு. குற்றப் பின்னணி உண்டா என்பதும் ஆராயப்படும். இத்தனையும் தேறியவர்க்குப் பல மாநிலங்களில் முதலில் தொடக்கநிலைச் சான்றே கிடைக்கும். சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே முழுச் சான்று வரும். அதனையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை, மேற்பயிற்சி பெற்றமையைக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். ஒழுக்கக்கேடு செய்தவரின் சான்றை மாநிலம் பறித்துவிடலாம். ஒரு மாநிலத்தில் பறிகொடுத்தவர் மற்றொன்றில் புகுந்துவிடாதபடி, மாநிலங்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பொதுப் பதிவு ஒன்றும் உள்ளது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் சான்று முறை செய்யும் பெருந்தொண்டு இது.

இனி மறுதரப்பாரின் வாதத்தையும் கேட்போம். கேளாமல் முடிவு கட்டுவது கல்விக்கு அழகன்று.

'சான்றிதழ் வெறும் தடைக்கம்பி. திறமைசாலிகளை வெளியே நிறுத்துகிறது' என்பது அவர்கள் வாதம். அதற்கு ஆதாரமும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவின், 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். பள்ளித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் துறைகள் பலவற்றில் சேர்க்கைத் தகுதி தாழ்ந்திருக்கிறது, பாடங்கள் பள்ளியின் உண்மைத் தேவைகளோடு பொருந்தவில்லை, ஊதிய உயர்வுக்காகவே பலர் பட்டம் பெறுகின்றனர் என்று அவர் கடுமையாகக் கண்டித்தார். பள்ளித் தலைவராகும் எண்ணமே இல்லாதவர் கையிலும் தலைமைச் சான்று இருந்தால், அச்சான்றுக்கு என்ன மதிப்பு?

மிச்சிகன் மாநிலம் இவ்வாதத்தை ஏற்று, 1990களில் பள்ளி நிர்வாகிகளுக்குச் சான்று கட்டாயமில்லை என்று சட்டத்தைத் தளர்த்தியது. பிறகு 2010இல் நடப்புக்கு வந்த சட்டத்தால் சான்றை மீண்டும் கட்டாயமாக்கியது. கடல் கடந்த இங்கிலாந்திலும் இதுபோன்ற ஊசலாட்டம் நிகழ்ந்தது. அங்கே 1997ஆம் ஆண்டில் தலைமையாசிரியர் தகுதிச் சான்று அறிமுகமாயிற்று. 2009ஆம் ஆண்டில் புதிய தலைமையாசிரியர்களுக்குக் கட்டாயமாயிற்று. 2012ஆம் ஆண்டில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது.

தனி மனிதர் வரலாறும் ஒரே பக்கம் சாய்வதில்லை. கொலராடோ மாநிலத்தின் ஆளுநராக இருந்த ராய் ரோமர், பள்ளி நிர்வாகத் துறையில் வளர்ந்தவர் அல்லர். அவர் 2000 முதல் 2006 வரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். இடநெருக்கடியால் திணறிய அந்நகரில் மாபெரும் பள்ளிக் கட்டடத் திட்டத்தை நடத்திக் காட்டினார். மறுபக்கம் நியூயார்க் நகரம். அப்போது ஏறத்தாழ 11 லட்சம் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளுக்கு 2010ஆம் ஆண்டின் இறுதியில், பத்திரிகை நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த கேத்தி பிளாக் அம்மையாரை நகரத் தலைவர் தேர்ந்தெடுத்தார். கல்வித் துறையில் அவருக்கு அனுபவம் இல்லை. ஆகவே மாநிலக் கல்வி ஆணையர் சிறப்பு விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. கல்வி அனுபவம் வாய்ந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதன் பேரில் விலக்கும் கிடைத்தது. 2011 ஜனவரியில் பதவியேற்றவர் ஏப்ரலில் விலகினார்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் என்ன விளங்குகிறது? கட்டடம் எழுப்பவும் பணம் திரட்டவும் வெளித்துறைத் திறமை பயன்படும். ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் தலைவரிடம் முதலில் தேடுவது, வகுப்பறையை அறிந்த ஒருவர் என்ற நம்பிக்கையை. அந்நம்பிக்கை இல்லாதபோது ஏனைய திறமைகளைக் காட்டுவதற்குக் காலமே கிடைப்பதில்லை. நியூயார்க்கில் விலக்கு அளித்த சட்டமும் போற்றத்தக்கதே. விலக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கவும், அதற்குக் காரணம் கூறவும், அதன்மேல் மக்கள் விவாதிக்கவும் எழுதிவைத்த விதியே இடம் செய்தது. விதியே இல்லாவிடில் கேள்வியே எழுந்திராது.

சான்றை ஒழிப்பதும் வேண்டா, அதனை அப்படியே விடுவதும் வேண்டா என்று கண்டு, மூன்றாம் வழியில் சென்றது இல்லினாய் மாநிலம். அங்கே பழைய நிர்வாகச் சான்று பல்வேறு பதவிகளுக்கும் பொதுவாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி அம்மாநிலம் அதனைக் கைவிட்டு, பள்ளித் தலைவருக்கென்றே தனிச் சான்றை ஏற்படுத்தியது. பழைய பயிற்சிகள் யாவும் 2014ஆம் ஆண்டுக்குள் முடிவுக்கு வந்தன. புதிய பயிற்சியில் விண்ணப்பித்தவர் எல்லாரும் சேர்ந்துவிட முடியாது. தாம் ஆற்றிய பணிகளின் தொகுப்பைக் காட்டி, நேர்காணலில் தேற வேண்டும். பல்கலைக்கழகம் பள்ளி மாவட்டத்துடன் சேர்ந்தே பயிற்சியை நடத்த வேண்டும். மழலைப் பள்ளி முதல் 12ஆம் வகுப்பு வரை எல்லா நிலைகளையும், உடற்குறையோ கற்றற்குறையோ உடைய பிள்ளைகளின் தேவைகளையும், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளின் தேவைகளையும் பயிற்சி பெறுபவர் நேரில் பழகி அறிய வேண்டும். சான்று பெறுவோர் தொகையைக் குறைத்தாலும், சான்றுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பது அம்மாநிலத்தின் நோக்கம்.

இத்துணைப் பாடுபடும் அளவுக்குப் பள்ளித் தலைவர் முக்கியமானவர்தாமா என்று நீங்கள் கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் கிரிசம், ஈகலைட், லின்ட்சே என்னும் மூன்று ஆய்வாளர், இருபது ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து அறிக்கை ஒன்று வெளியிட்டனர். நூறு பள்ளித் தலைவர்களைத் திறமையின் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்துவதாகக் கொள்வோம். 25ஆம் இடத்தில் நிற்பவரை மாற்றி, 75ஆம் இடத்தில் நிற்பவரை ஒரு பள்ளிக்கு அனுப்பினால், அப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் கணக்கில் 2.9 மாதக் கல்விக்கும், வாசிப்பில் 2.7 மாதக் கல்விக்கும் ஈடான முன்னேற்றத்தைக் கூடுதலாகப் பெறுகின்றனர் என்று அவர்கள் கணக்கிட்டனர். நல்லாசிரியர் ஒருவர் தம் வகுப்பை உயர்த்துகிறார். நல்ல தலைவர் ஒருவர் பள்ளி முழுவதையும் உயர்த்துகிறார். வகுப்பறைக்குச் சென்று ஆசிரியரின் பணியைப் பார்த்துப் பயனுள்ள கருத்துக் கூறுதல், பள்ளியில் நல்ல சூழலை உண்டாக்குதல், ஆசிரியர் கூடி உழைக்க வழிசெய்தல், ஆள்பலத்தையும் பொருளையும் முறையாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றில் அத்தகைய தலைவர் சிறந்து விளங்குகிறார் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இதனை நான் முழுமனத்துடன் ஒப்புகிறேன். மேசையில் குவியும் தாள்கள் எல்லாம் அவசரம் என்று கூவும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை கூவாது. கூவாத அப்பிள்ளையை நோக்கி நடப்பதற்கே தலைமைக்குப் பயிற்சி வேண்டும்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தாற்போல் மற்றோர் அதிகாரமும் வைத்தார். ஆராய்ந்து ஆளைத் தேர்வது ஒன்று. தேர்ந்தவரை அறிந்து வேலையில் ஈடுபடுத்துவது மற்றொன்று. சான்றிதழ் முதலாவதன் ஒரு பகுதியைச் செய்யும். தகுதியற்றவரை வாயிலில் நிறுத்தும். சட்டமும் கற்பித்தலும் ஓரளவேனும் அறிந்தவரே உள்ளே வரச்செய்யும். பிள்ளைகள்மீது அன்பையும், ஆசிரியர்மீது மதிப்பையும், தவறு கண்டால் எதிர்த்து நிற்கும் துணிவையும் எந்தச் சான்றிதழாலும் ஊட்ட முடியாது. நியமிப்பவர் நேர்மையையும் அதனால் உறுதி செய்ய முடியாது. தென் மாநிலங்களில் நாம் கண்டது அதுதான்.

ஆயினும் எழுதிவைத்த நெறிக்கு ஓர் ஆற்றல் உண்டு. அது எல்லார் கண்ணுக்கும் படும்படி நிற்கிறது. பெற்றோர் ஒருவர் அதனைக் காட்டி, 'எம் பள்ளித் தலைவர் இவ்வாறு நடந்துகொள்கிறாரா?' என்று கேட்கலாம். ஆசிரியர் கேட்கலாம். நாளைக்கு வாக்காளராகவும் பெற்றோராகவும், உங்களுள் சிலர் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் ஆகப்போகும் நீங்களும் கேட்கலாம். அப்போது பட்டமும் பணிமூப்பும் கணக்கறிவும் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். தலைமை என்ற சொல்லுக்குப் பின்னே ஆசிரியர் என்ற சொல்லும் அவரிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.